திருகாணி கழலவில்லை, ஐயா

போதகர் ஐயாவுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

நகை போட்டவர்களுக்குத் திருவிருந்தின் அப்பம் இல்லை என்று நம் சபையில் வைத்திருக்கிறீர்கள். போன திருவிருந்து ஞாயிறு நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. தட்டைப் பிடித்திருந்தது உங்களில் ஒருவர்தான். என் அம்மாவின் காதில் கம்மலைப் பார்த்தார், அப்பத்தை அடுத்தவருக்கு நீட்டிவிட்டார்.

முந்தின இரவு நடந்தது உங்களுக்குத் தெரியாது. சபைக்கு வந்த வருடமே அம்மா வளையலைக் கழற்றிவிட்டார். சங்கிலியை விற்றுக் கட்டட நிதிக்குக் கொடுத்தார். (கழுத்தில் கிடக்கிறவரை அது உலகம், காணிக்கைப் பையில் விழுந்ததும் பரிசுத்தம். சரி, அதை விடுங்கள்.) மிஞ்சியது கல்யாணத்துக்குத் தாத்தா போட்ட கம்மல். சனிக்கிழமை இரவு அதையும் கழற்ற உட்கார்ந்தார். நாற்பது வருட எண்ணெயும் அழுக்கும் ஏறித் திருகாணி இறுகிக் கிடந்தது. தேங்காய் எண்ணெய் விட்டார், சோப்புத் தடவினார், கடைசியில் முந்தானையைச் சுற்றித் திருகினார். காது வீங்கி ரத்தம் கசிந்ததுதான் மிச்சம். “கர்த்தருக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் படுத்தார்.

கர்த்தருக்குத் தெரிந்திருக்கும். தட்டைப் பிடித்தவருக்குத்தான் தெரியவில்லை.

பெண்கள் பொன்னால் தங்களை அலங்கரிக்க வேண்டாம் என்கிற 1 தீமோத்தேயு 2:9-ஐக் காட்டுவீர்கள். அதே வசனத்தில் மயிரைப் பின்னுதலும் விலையேறப்பெற்ற வஸ்திரமும் இருக்கின்றன. பின்னல் போட்ட எந்தச் சகோதரியையும் தட்டு தாண்டிப் போனதில்லை. கன்வென்ஷன் மேடையில் பளபளக்கும் பட்டு உடைகளையும் தங்க நிறக் கைக்கடிகாரங்களையும் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இயேசு சொன்ன உவமையில், வீடு திரும்பிய இளைய குமாரனின் கைக்கு மோதிரம் போடச் சொன்ன தகப்பன் நம் சபையில் மூப்பராக முடியாது, அவ்வளவுதான்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்தது ஒன்றே ஒன்று: கம்மலைக் காரணம் காட்டி யாருக்கும் அப்பத்தை மறுக்காதீர்கள். நகை வேண்டாம் என்று விட்டவர்களை நான் குறை சொல்லவில்லை; அது அவர்களுடைய அர்ப்பணிப்பு. அதைப் பந்திக்கு நுழைவுச்சீட்டு ஆக்கியதுதான் தப்பு. அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யூத முறைமையை வற்புறுத்திய விருத்தசேதனக்காரருக்குப் பயந்து விலகியபோது பவுல் முகமுகமாய் எதிர்த்தாரே, கலாத்தியர் 2-இல்! அங்கேயும் தகராறு பந்தியில்தான். கிறிஸ்துவை விசுவாசித்தது போதாது, இன்னொன்றும் வேண்டும் என்றால் கிருபைக்கு அங்கே என்ன வேலை?

அடுத்த திருவிருந்துக்கும் அம்மா வருவார். பெண்கள் பக்கம், மூன்றாவது பாய், சுவர் ஓரம். காதில் கம்மல் இருக்கும். தயவுசெய்து தட்டை அங்கே ஒரு நிமிடம் நிறுத்துங்கள், ஐயா.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சபை விசுவாசி ஒருவன்