பேனாவோடு நின்ற தங்கைக்கு

மஞ்சள் சட்டையும் கையில் பரீட்சை அட்டையுமாக, ஓட்டம் தொடங்கும் இடத்தில் நின்ற தங்கைக்கு,

அண்ணன் நேற்று மாலை வீடு வந்து சேர்ந்துவிட்டார். நன்றாகப் பேசுகிறார், பதக்கம் எங்கே என்று கேட்கிறார். 18-ஆவது கிலோமீட்டரில் சர்க்கரை இறங்கி அவர் சாய்ந்த கதையை இங்கே முழுதாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. அன்று ஓடியவர்களுக்கெல்லாம் தெரியும், ஓடாதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முதல் நன்றி உங்களுக்கு. உங்கள் பெயரைக்கூட யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஓடும்போது நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் தாளை, அதாவது பிப்பை, கையில் வாங்கியதும் எல்லோரும் முன்பக்கத்தைத்தான் பார்க்கிறோம். பின்பக்கத்தில் நான்கு வரி அச்சடித்திருக்கும்: பெயர், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண், மருந்தும் அலர்ஜியும், ரத்த வகை. பத்துக்கு ஏழெட்டுப் பேர் அதைக் காலியாகவே விட்டுவிட்டு ஊக்கு குத்திக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று சொன்னால், ஓடுகிறவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். நீங்கள் ஒவ்வொருவராக நிறுத்தி, "பின்னாடி எழுதிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தீர்கள். உங்களுக்குக் கொடுத்திருந்த வேலை பைகளை வாங்கி வைப்பது என்பதும், அது முடிந்த பிறகு நீங்களாகவே பேனாவை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தீர்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

நீங்கள் எழுதிய விதத்தையும் சொல்ல வேண்டும். குத்தியிருந்த நான்கு ஊக்குகளில் கீழ் இரண்டை மட்டும் கழற்றி, பிப்பை மேலே மடக்காமல் தூக்கி, அட்டையை அடியில் கொடுத்து எழுதினீர்கள். பின்பக்கம் ஒட்டியிருக்கும், ஓடிய நேரத்தைப் பதிய உதவும் சிப்பின் மேல் பேனா படவில்லை. அந்தப் பட்டைக்குள் இருப்பது மெல்லிய ஆன்டெனா. மடங்கினாலோ கீறல் விழுந்தாலோ, தரையில் விரித்திருக்கும் நேரப் பதிவுப் பாயைத் தாண்டும்போது நேரம் பதிவாகாமல் போகலாம். உடம்பில் இருக்கும் தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும் என்பதால்தான் பல பிப்களில் சிப்புக்கு அருகில் ஒரு நுரைப்பட்டை வைத்து நெஞ்சிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறார்கள். அதை யாரும் பிய்த்து எறிந்துவிட வேண்டாம். பேனாவும் சரியான பேனா, சாதாரண பால்பாயிண்ட். பிப் பெரும்பாலும் டைவெக் போன்ற கிழியாத தாளில் வருகிறது. ஜெல் பேனா மை அதில் சீக்கிரம் காயாது, முதல் இரண்டு கிலோமீட்டர் வியர்வையிலேயே ஈஷிக்கொண்டுவிடும். மார்க்கர் நிற்கும்தான், ஆனால் தடித்த முனையால் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் பத்து இலக்கம் அடங்காது.

அண்ணன் தன் வீட்டு எண்ணைச் சொன்னதும் எழுதிவிட்டுப் போகாமல், "அவங்களும் ஓடறாங்களா?" என்று கேட்டீர்கள். ஆமாம், அண்ணியும் 10 கிலோமீட்டரில் இருந்தார். அவருடைய போன் பைக்குள், பை உங்கள் மேசையில். அதனால் வீட்டில் இருந்த தம்பியின் எண் முதலிலும் அண்ணி எண் அடுத்ததிலும் ஏறியது. எழுதியதை ஒவ்வொரு இலக்கமாகத் திரும்பப் படித்துக் காட்டினீர்கள். 1-உம் 7-உம் அவசரத்தில் ஒன்றுபோலத் தெரியும் என்பது அப்படிப்பட்ட நேரத்தில் யாருக்குத் தோன்றும்?

மூன்றாவது வரியில் அண்ணன் சொன்னது "சுகர், இன்சுலின்" என்று இரண்டே வார்த்தை. "இன்னைக்குக் காலையில போட்டீங்களாண்ணா? எத்தனை மணிக்கு?" என்று கேட்டு, பக்கத்தில் 4.15 என்று நேரத்தையும் எழுதினீர்கள்.

அந்த நேரம் என்ன வேலை செய்தது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். வெயிலில் ஒருவர் தடுமாறி, உளறி, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது சூட்டு மயக்கம்தான். சர்க்கரை இறங்கினாலும் அதே தடுமாற்றம், அதே உளறல். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து ரத்தத்தில் சோடியம் குறைந்தாலும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும், அந்த நிலையில் இன்னும் தண்ணீர் கொடுத்தால் ஆபத்து கூடும். மூன்றையும் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். மருத்துவக் குழு பிப்பைத் திருப்பி மூன்றாவது வரியைப் பார்த்தது, உடனே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தது. ஓடும்போது தசை சர்க்கரையை வேகமாக இழுக்கிறது. தொடையில் போட்ட இன்சுலினாக இருந்தால் ஓடுகிற காலில் அது இன்னும் சீக்கிரம் ரத்தத்தில் கலக்கும். 4.15 என்ற நேரம், உள்ளே இன்னும் எவ்வளவு மருந்து வேலை செய்துகொண்டிருக்கும் என்று கணக்குப் போட உதவியது என்றார் மருத்துவர்.

ரத்த வகையைத்தான் நாமெல்லாம் மறக்காமல் எழுதுகிறோம். எழுதுங்கள், தவறில்லை. ஆனால் நாம் எழுதியிருப்பதை நம்பி யாரும் ரத்தம் ஏற்ற மாட்டார்கள், மருத்துவமனையில் எப்படியும் பரிசோதிப்பார்கள். மருந்தையும் அலர்ஜியையும் அப்படி உடனே பரிசோதித்துக் கண்டுபிடிக்க முடியாது. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, வலிப்பு மாத்திரை, காலையில் முட்டி வலிக்காகப் போட்டுக்கொண்ட வலி மாத்திரை, எல்லாம் அந்த வரியில் வர வேண்டும்.

மற்ற எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறோம். தன் நேரம் போனாலும் பரவாயில்லை என்று நின்ற மூன்று ஓட்டக்காரர்களுக்கு. "விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீங்க" என்று கையைத் தடுத்து, அண்ணனை ஒருக்களித்துப் படுக்க வைத்த, கடைசி ஆளோடு சைக்கிளில் வந்தவருக்கு. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, அதன் பிறகே வண்டியைக் கிளப்பிய மருத்துவக் குழுவுக்கு. குடை பிடித்தவருக்கு, தம்பிக்குப் போன் போட்டுப் பதறாமல் பேசியவருக்கு, ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டு ஒரு ஓரமாக ஓடிய அத்தனை பேருக்கும்.

பதிவு செய்யும்போது எல்லாவற்றையும் நிரப்பித்தானே கொடுத்தோம் என்று சிலர் கேட்கிறார்கள். அது எப்போதோ நிரப்பியது, முடிவு எல்லையில் ஒரு லேப்டாப்பில் இருக்கும். விழுந்தவர் மூன்று கிலோமீட்டர் இந்தப் பக்கம் கிடப்பார். நெஞ்சில் இருக்கும் தாள்தான் அவரோடு இருக்கிறது. இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. வர முடியாத நண்பரின் பிப்பை மாட்டிக்கொண்டு ஓடுவது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. அந்த எண்ணைத் தேடினால் வருவது வேறொருவரின் வயது, வேறொருவரின் மருந்து, வேறொருவரின் வீட்டு எண். போன் போவது தவறான அம்மாவுக்கு. எங்கள் குழுவில் இனி யாரும் பிப் மாற்றிக்கொள்ள மாட்டோம்.

அடுத்த ஓட்டத்துக்கு உங்கள் வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். ஒருவருக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் நான்கு பேர் நின்றால் அரை மணி நேரத்தில் 120 பிப்தான் எழுத முடியும். அதனால் தொடங்கும் இடத்தில் மட்டும் நின்றால் போதாது. முந்தின நாள் பிப் கொடுக்கும் மேசைதோறும் நூல் கட்டிய இரண்டு பால்பாயிண்ட் வைத்து, எழுதிக் காட்டிய பிறகே ஊக்கு கொடுப்பதாக ஏற்பாட்டாளர்களிடம் பேசி முடித்துவிட்டோம். விட்டுப்போனவர்களைக் காலையில் நாங்கள் நால்வர் அட்டையோடு பிடித்துக்கொள்வோம்.

உங்கள் பேனா அண்ணனின் பையில் இருக்கிறது. அவசரத்தில் அவர் கையிலேயே தங்கிவிட்டதாம். அதை உங்களிடம் நேரில் கொடுக்க வேண்டும் என்கிறார். எங்கே வரட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணனோடு ஓடுகிறவர்கள்