எங்கப்பா கப்பல்ல வேலை பாத்தவர் இல்லீங்க, கடற்படைக்காரர்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

எங்கப்பாவோட பதினாறாம் நாள் காரியத்தப் பத்தி உங்க ஞாயிறு பதிப்புல நாலு வரி போட்டிருந்தீங்க, அதுக்கு நன்றி. ஆனா அதுல "கப்பலில் வேலை பார்த்தவர், சில நினைவுப் பொருள்களை வைத்திருந்தார்"னு ஒரு வரி இருக்கு. அதப் படிச்சதுல இருந்து எனக்கு சோறு இறங்கல.

அது நினைவுப் பொருள் இல்லீங்கய்யா, மெடல். மூணு மெடல், அப்பாவோட பழைய பனியன்ல சுத்தி மைலோ டின்ல இருக்கும். வருஷா வருஷம் ஜூலை 30 ராத்திரி எடுத்து பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்ப்பாரு, ஏன்னா மறுநாள் ஹாரி பஹ்லாவான், வீரர் தினம். வீடு பூரா வாடை அடிக்கும், அம்மா சத்தம் போடுவாங்க, நான்தான் கீழ பேப்பர் விரிச்சுக் குடுப்பேன், அந்தப் பேப்பரும் உங்க பேப்பர்தான். ஒரு மெடல்ல பின்னு உடைஞ்சு, கம்பிய வளைச்சு அவரே மாட்டி வச்சிருந்தாரு.

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்துல பொறந்து, தாத்தா பாட்டியோட விடியக்காலைல ரப்பர் மரத்துல பால் வெட்டப் போனவரு, 1961ல சிங்கப்பூர் வுட்லண்ட்ஸ்ல கேடி மலாயா கடற்படை முகாமுக்குப் போய்ச் சேர்ந்தாரு. அப்புறம் கேடி மஹாமிரு (கேடின்னா அரச கப்பல்), கடல்ல கண்ணிவெடி அள்ளுற மைன்ஸ்வீப்பர் கப்பல். இரும்பைக் கண்டா வெடிக்கிற கண்ணி இருக்குங்கறதால அந்தக் கப்பலோட உடம்பையே மரத்துல கட்டியிருப்பாங்க. மரத்த நம்பித்தான் லயத்துலயும் பொழைச்சேன், கடல்லயும் பொழைச்சேன்னு சொல்லுவாரு. 1963ல இருந்து 1966 வரைக்கும் கன்ஃப்ரன்டேஷன், மலேசியாவ எதிர்த்து இந்தோனேசியா நடத்தின மோதல், 1964 ஆகஸ்ட்ல ஜோகூர் பொந்தியான்ல இந்தோனேசியக்காரங்க வந்து இறங்கினது உங்களுக்குத் தெரியாததில்ல. மலாக்கா நீரிணைல விளக்கணைச்சிட்டு ராத்திரி பூரா ரோந்து, எந்த சம்பான் படகுல மீன் இருக்கு எதுல துப்பாக்கி இருக்குன்னு கிட்ட போனாத்தான் தெரியும்னு சொல்லும்போது, அத்தன வருஷம் கழிச்சும் அவரு குரல் இறங்கிடும். பிங்காட் ஜாசா மலேசியாங்கற சேவைப் பதக்கம் அந்தக் கால சேவைக்குத்தான், தலை நரைச்ச பிறகுதான் அதுவும் கைக்கு வந்துச்சு.

பன்னெண்டு வருஷத்துல வெளிய வந்துட்டாரு, தாத்தா படுக்கைல விழுந்துட்டாங்க, மூத்த பிள்ளை வேற என்ன செய்வாரு. 21 வருஷம் முடிக்கலன்னு பென்சன் இல்ல. கடல்ல காவல் நின்ன மனுசன் தோட்டத்து ஆபீஸ்ல ஜாகாவா, வாட்ச்மேனா நின்னாரு. ஒரு தடவ நம்ம ஊர்ல நடந்த வீரர் தின நிகழ்ச்சிக்கு மெடல் குத்திட்டுப் போனவர, ஏற்பாட்டாளர் ஒருத்தர் "அங்கிள், இது யாரோடது?"ன்னு கேட்டுப் பின்வரிசைல உக்கார வச்சாரு. வீட்டுக்கு வந்து சட்டைய கழட்டாம அப்படியே படுத்துட்டாரு. அதப் பத்தி அப்பவே உங்களுக்கு எழுதினேன், வரல. அடுத்த வருஷமும் எழுதினேன், வரல. மாலை போட்டுக்கிட்டு நிக்கிற அரசியல்வாதி படத்துக்கு அரைப் பக்கம் இருக்கு, எங்களுக்கு ஒரு மூலை இல்லாமப் போச்சே ஐயா.

நாட்டுக் கடற்படைக்கு முதல் மலேசியத் தலைவரா 1967ல வந்தவரு நம்ம தனபாலசிங்கம், அப்ப அவருக்கு 31 வயசு. எங்க தோட்டத்து தமிழ்ப்பள்ளில கேட்டுப் பாத்தேன், ஒரு பிள்ளைக்கும் தெரியல. பிள்ளைங்கள என்ன சொல்றது, நாமதான சொல்லித் தரணும். நீங்களே கப்பல் வேலைன்னு எழுதினா அதுங்க எங்க போய்த் தெரிஞ்சுக்கும்?

நான் கேக்கறது ரெண்டே வரிங்க. "முன்னாள் அரச மலேசியக் கடற்படை வீரர், சேவைப் பதக்கங்கள் பெற்றவர்"னு ஒரு திருத்தம் போடுங்க, அதே ஞாயிறு பதிப்புலயே போடுங்க. சீருடைல அப்பா நிக்கிற படத்த இதோட வச்சிருக்கேன். போட்டாலும் போடலன்னாலும் படத்தத் திருப்பி அனுப்பிடுங்க ஐயா, எங்ககிட்ட வேற பிரதி இல்ல.

இப்படிக்கு,
அவர் மகள், சுங்கை சிப்புட்