தம்பி கேட்ட மேல்ஸ்தாயி

அன்பும் மதிப்பும் மிக்க அப்பாவுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகியும் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். வேலை நேரம் மாறியிருக்கிறது என்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. கடிதத்தின் அடியில் தம்பி எழுதியிருந்த நான்கு வரிகளைப் பலமுறை படித்தேன். மேல்ஸ்தாயியில் ஸ்வரம் நிற்கவில்லை என்றும், ஒரு மணி நேரம் டிரம்பெட் வாசித்தால் உதடு மரத்துப்போகிறது என்றும் எழுதியிருக்கிறான். இங்கு வந்த முதல் ஆண்டில் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

குளிர் தொடங்கிவிட்டது. அறையின் ஹீட்டரைப் படுக்கும் முன் சிறிது நேரம் மட்டுமே போடுகிறேன். எனக்கு அது போதும். காலையில் டிரம்பெட் சில்லிட்டுக் கிடக்கும். குழலுக்குள் காற்று குளிர்ந்திருந்தால் ஒலியின் வேகம் குறைந்து சுருதி இறங்கிவிடும் என்பதால், மவுத்பீஸை உள்ளங்கையில் பொத்தி வைத்து, ஒலி எழுப்பாமல் வெதுவெதுப்பான மூச்சைக் குழலுக்குள் செலுத்திவிட்டுத்தான் சுருதி சேர்க்கிறேன்.

பக்கத்து அறைப் பெரியவர் இன்னும் சுவரைத் தட்டுகிறார். சத்தம் பொறுக்காமல் தட்டுகிறார் என்று நான் முன்பு எழுதியது தவறு. பல ஆண்டுகள் பேண்டு குழுவில் டிரம்பெட் வாசித்தவராம். நான் இடைவிடாமல் வாசித்துக்கொண்டே போனால் ஒருமுறை தட்டுவார். வாத்தியத்தை மடியில் வைத்துவிட வேண்டும். எவ்வளவு நேரம் வாசித்தேனோ அவ்வளவு நேரம் கழிந்ததும் இருமுறை தட்டுவார். உதட்டைச் சுற்றியுள்ள தசை களைத்த பிறகும் வாசித்தால், அதன் வேலையைக் கை எடுத்துக்கொண்டு மவுத்பீஸை உதட்டில் அழுத்தத் தொடங்குகிறது. அந்த அழுத்தத்தில் இரத்த ஓட்டம் தடைப்படுவதால்தான் உதடு மரத்துப்போகிறது. தம்பி ஒரு மணி நேரத்தை மூன்று வேளையாகப் பிரித்துக்கொள்ளட்டும்.

இரவில் உரக்க வாசிக்க முடியாததும் எனக்கு நன்மையாகவே முடிந்தது. ஒரே ஸ்வரத்தைக் காதுக்கு எட்டாத அளவில் தொடங்கி, மெல்ல வளர்த்து, நடுங்காமல் மீண்டும் கரைத்துவிடுவதைப் போல் மூச்சைப் பழக்கும் பயிற்சி வேறில்லை என்பேன். அதன் பின், வால்வு எதையும் அழுத்தாமல் ஸ, ப, மேல் ஸ, மேல் க என்று ஏறி இறங்க வேண்டும். ‘ஆ’ என்னும்போது தாழ்ந்திருக்கும் நாக்கு ‘ஈ’ என்னும்போது எப்படி எழும்புகிறதோ, அதே அசைவை வாசிக்கும்போதும் வைத்துக்கொண்டால் காற்று விரைந்து செல்லும். அவன் தேடும் மேல்ஸ்தாயி அங்கேதான் இருக்கிறது.

சென்ற மாதம் பெரியவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். ஒன்பது நாட்கள் சுவரில் தட்டல் இல்லை. ஒரு மாலையில், தாங்கள் மொட்டை மாடியில் நின்று வாசிக்கும் மெட்டை எடுத்தேன்; நாங்கள் இருவரும் படியில் உட்கார்ந்து கேட்பது நினைவுக்கு வந்து, இரண்டாம் வரிக்கு மேல் மூச்சு நிற்கவில்லை, அப்பா.

அது இருக்கட்டும். தங்கள் டிரம்பெட்டை விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இரண்டாம் வால்வு ஒட்டிக்கொள்வதற்கு உள்ளே படிந்த அழுக்கு காரணமாக இருக்கலாம். மூன்று வால்வுகளையும் தம்பி கழற்றி, இடம் மாறாமல் வரிசையாக வைத்து, வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடட்டும். வெந்நீர் மேற்பூச்சைக் கெடுக்கும். கழலவில்லை என்றால் பலவந்தப்படுத்தாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும்.

அதற்கான செலவையும் சேர்த்தே அனுப்புகிறேன். இம்மாதப் பணம் மட்டும் பத்து நாட்கள் தாமதமாக வரும். கணக்கு மாற்றும் வேலைதான், கவலைப்பட வேண்டாம். வீட்டுக் கடன் தவணைக்கு அதுவரை அக்காவிடம் வாங்கிக்கொள்ளுங்கள். நான் அவளிடம் பேசிவிட்டேன். வால்வு சரியானதும் தாங்கள் வாசிப்பதைத் தம்பி பதிவு செய்து அனுப்பட்டும். பெரியவரும் கேட்க வேண்டும் என்கிறார்.

தங்கள் அன்பு மகன்