கூலிஜ் மகனைக் கொன்றது கொப்புளம் அல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க அதிபர்களின் குடும்ப வாழ்க்கை பற்றிய தொடரில், கால்வின் கூலிஜின் இளைய மகன் டென்னிஸ் ஆடிக் காலில் கொப்புளம் வந்து இறந்ததாக ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். கொப்புளத்தால் யாரும் சாவதில்லை. நடந்ததை முழுமையாகச் சொல்ல வேண்டும்.

1924 ஜூன் 30 அன்று, தந்தையின் பெயரையே கொண்ட 16 வயது மகன் கால்வின் தன் அண்ணன் ஜானுடன் வெள்ளை மாளிகை மைதானத்தில் ஆடினான். ஷூவுக்குள் சாக்ஸ் போடவில்லை. கால்விரல் உரசிக் கொப்புளம் எழும்பியது, அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தோல் கிழிந்த இடத்தின் வழியே ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி உள்ளே போனது. பலருடைய மூக்கிலும் தோலிலும் தொந்தரவு தராமல் குடியிருக்கும் கிருமிதான் இது. நிணநீர்க் குழாய்களில் ஏறினால் புண்ணிலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடும், தொடையிடுக்கில் நெறி கட்டும், குளிர்காய்ச்சல் அடிக்கும். ரத்தத்தில் கலந்துவிட்டால் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் சேர்த்தும் ஜூலை 7 அன்று கால்வின் இறந்தான். நாட்டின் தலைசிறந்த மருத்துவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். கிருமியைக் கொல்லும் மருந்துதான் உலகத்தில் எங்கும் இல்லை.

இந்த இடத்தில் இன்னோர் அதிபரின் மகனையும் சேர்த்திருக்கலாம். 1936 டிசம்பரில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அதே பெயருடைய மகன் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற வேறொரு கிருமியின் தொற்று கண்டு பாஸ்டனில் உயிருக்குப் போராடினார். ஜெர்மனியிலிருந்து புதிதாக வந்திருந்த சல்ஃபா வகை மருந்தைக் கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். செய்தி நாளிதழ்களில் வந்த பிறகுதான் அமெரிக்க மக்கள் அந்த மருந்தைப் பற்றிப் பரவலாக அறிந்தார்கள். அதற்காக, 12 ஆண்டு முன்பே சல்ஃபா இருந்திருந்தால் கால்வின் பிழைத்திருப்பான் என்று எழுதிவிடக் கூடாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸை அடக்கிய அளவுக்கு அது ஸ்டஃபிலோகாக்கஸை அடக்கவில்லை. அவனுக்குத் தேவைப்பட்ட பெனிசிலின் 1940களில்தான் நோயாளிகளுக்குக் கிடைத்தது.

காலில் சிவப்புக் கோடும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் இன்றும் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். மஞ்சள் பற்றுப் போட்டு மறுநாள் வரை காத்திருப்பது ஆபத்து.

தொடரில் அடுத்து கென்னடி குடும்பம் வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். 1963 ஆகஸ்ட் 7 அன்று ஐந்தரை வாரம் முன்கூட்டியே, சுமார் 2.1 கிலோ எடையில் பிறந்து 39 மணி நேரத்தில் இறந்த அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக்கை விட்டுவிடாதீர்கள். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் குறைப்பிரசவக் குழந்தைகளுக்குப் போதிய அளவு சுரப்பதில்லை. பேட்ரிக்குக்கும் அதுதான் சிக்கல். பாஸ்டனில் உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் வைத்துப் பார்த்தும் பலன் இல்லை. இன்று அதே சர்ஃபாக்டன்டை மூச்சுக்குழாய் வழியாகவே செலுத்துகிறார்கள். அந்த எடைக் குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்து வீடு திரும்புகின்றன. பேட்ரிக்கின் மரணத்தோடு இதையும் சேர்த்து எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்