பதினான்கும் ஒப்பிக்கத் தெரியும், ஒரு மூட்டைக்குக் கணக்குத் தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிக்குப் போகும் முன்பே பிள்ளைகளுக்கு வணிக மேலாண்மையை அறிமுகப்படுத்தப் புதிய படிப்பு ஒன்று வேண்டும் என்று சென்ற வாரம் தங்கள் கல்விப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. கட்டுரையாளர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் கேட்கும் படிப்பு நம் மாநிலப் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. +2 வணிகவியல் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடமே மேலாண்மைத் தத்துவங்கள்தான். அடுத்தது மேலாண்மைப் பணிகள். பிறகு பங்குச் சந்தை, மனித வளம், சந்தையிடுகை, நுகர்வோர் பாதுகாப்பு, தொழில்முனைவு, கம்பெனிச் சட்டம் என்று 28 பாடங்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன அறிமுகம் வேண்டும்? அந்தப் புத்தகத்தை நாம் நடத்துகிற விதத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் விருதுநகரில் அண்ணனோடு சேர்ந்து மளிகைக் கடை நடத்துகிறவன். நானும் ஒரு காலத்தில் +2 வணிகவியல் படித்துத் தேறியவன்தான். என் மகள் இப்போது அதே பிரிவில் +2 படிக்கிறாள். மாலையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து படிப்பாள். ஒரு நாள் ஹென்றி ஃபயோல் என்பவரின் பதினான்கு மேலாண்மைத் தத்துவங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஒவ்வொன்றின் முதல் எழுத்தையும் எடுத்துக் கோத்து, பொருளே இல்லாத ஒரு வாக்கியம் செய்து வைத்திருந்தாள். டியூஷனில் சொல்லிக் கொடுத்தார்களாம். நான்காவது தத்துவம் கட்டளை ஒருமை: ஓர் ஊழியருக்கு ஒரே மேலதிகாரியிடமிருந்துதான் உத்தரவு வர வேண்டும்.

அவள் அதை நான்காவது முறையாகவோ ஐந்தாவது முறையாகவோ சொல்லிக்கொண்டிருக்கும்போது, எங்களிடம் ஆறு வருடமாக வேலை பார்க்கிற பையனை நான் புளி நிறுக்கச் சொன்னேன். உள்ளேயிருந்து அண்ணன் லாரியில் வந்த எண்ணெய் டின்களை இறக்கச் சொன்னார். பையன் ஒரு கையில் தராசுத் தட்டோடு நடுவில் நின்றான். "அண்ணாச்சி, யாராவது ஒருவர் சொல்லுங்கள்" என்றான். என் மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஐந்தாவது தத்துவத்துக்குப் போய்விட்டாள்.

அவள் மேல் தவறு சொல்ல மாட்டேன். அவளுக்கு வரப்போகும் வினாத்தாளில் எழுத்துத் தேர்வுக்கு 90 மதிப்பெண். அதில் 20 ஒரு மதிப்பெண் வினாக்கள், சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டியவை. அறிவியல் மேலாண்மையின் தந்தை யார் என்று கேட்டால் டெய்லர் என்று எழுத வேண்டும், ஒரு மதிப்பெண் வந்துவிடும். எங்கள் கடைப் பையன் நடுவில் நின்றதைப் பார்த்ததற்கு யார் மதிப்பெண் போடுவார்கள்?

அந்த ஃபயோல் யார் என்றாவது வகுப்பில் சொல்கிறார்களா என்று மகளிடம் கேட்டேன். பிறந்த வருடமும் நாடும் தெரிந்திருந்தது. அவர் பிரான்சில் நிலக்கரிச் சுரங்க என்ஜினீயராக வேலைக்குச் சேர்ந்தவர். 1888இல் திவாலாகும் நிலையில் இருந்த சுரங்கக் கம்பெனியின் பொறுப்பை ஏற்று, முப்பது வருடம் நடத்தி நிமிர்த்தியவர். அந்த அனுபவத்தைத்தான் 1916இல் எழுதி வெளியிட்டார். இதெல்லாம் அவளுக்குப் புதிய செய்தி. இன்னும் இரண்டு செய்திகளைச் சொன்னபோது அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. தத்துவங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது, தான் அதிகம் பயன்படுத்தியவற்றை மட்டுமே சொல்கிறேன் என்று அந்த மனிதரே எழுதியிருக்கிறார். அவை இறுக்கமான விதிகள் அல்ல, இடத்துக்கு ஏற்ப வளைத்துக்கொள்ள வேண்டியவை என்றும் சொல்லியிருக்கிறார். நாமோ பதிமூன்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்கிறோம். ஆரம்பப் பள்ளியிலிருந்தே மேலாண்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுத்தர வேண்டும் என்று வாதாடியவரும் அவர்தான். தங்கள் கட்டுரையாளர் கேட்பதை நூறு வருடத்துக்கு முன்பே கேட்டுவிட்டார்.

டெய்லர் கதையும் அப்படித்தான். அமெரிக்காவில் ஓர் இரும்பாலையில் தொழிலாளிகள் மண்வாரியால் அள்ளுவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஒரு வாரலுக்கு 21 பவுண்டு எடை இருந்தால்தான் ஒரு நாளில் அதிக வேலை நடக்கிறது என்று கண்டார். கனமான தாதுவுக்குச் சின்ன மண்வாரி, லேசான சாம்பலுக்குப் பெரியது என்று மாற்றினார். எங்கள் கடையில் சர்க்கரை அள்ளச் சின்னத் தகரக் கரண்டி, பொரி அள்ளப் பெரிய முறம். என் அப்பா டெய்லரைப் படித்ததில்லை. இதைச் சொன்னதும் மகள் எழுந்துபோய் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தாள். இந்த வருடத்தில் இதுவரை வணிகவியல் புத்தகத்தால் அவள் எழுந்து நடந்தது அந்த ஒரு முறைதான்.

பிறகு எனக்கும் ஒரு ஆசை வந்துவிட்டது. ஒரு விடுமுறை நாளில் அவளையும் அவள் தோழிகள் இரண்டு பேரையும் உட்கார வைத்து ஒரு மூட்டை மிளகாய் வற்றலுக்குக் கணக்குப் போடச் சொன்னேன். 50 கிலோ, கிலோ 180 ரூபாய்க்குக் கொள்முதல், 210க்கு விற்பனை. மூன்று பேரும் நொடியில் சொன்னார்கள்: கிலோவுக்கு 30 வீதம் 1,500 ரூபாய் லாபம். சரி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை சேர்த்து 150 ரூபாய் என்றேன். மூட்டை இருந்து காய்ந்து, காம்பும் தூசியும் போக, தராசில் ஏறியது 48.5 கிலோதான் என்றேன். இப்போது 10,185 ரூபாய் விற்பனை, 9,150 ரூபாய் அடக்கம், லாபம் 1,035. முகம் கொஞ்சம் சுருங்கியது. அந்த 10,185இல் 2,400 ரூபாய் கடன் நோட்டில் நிற்கிறது என்றேன். கல்லாவில் இருப்பது 7,785. அடுத்த மூட்டை எடுக்க 9,150 வேண்டும்.

"அப்பா, லாபம் வந்திருக்கிறது, ஆனால் மூட்டை வாங்கப் பணம் இல்லையே?" என்றாள்.

நடைமுறை மூலதனம் என்று அவள் புத்தகத்தில் ஒரு சொல் இருக்கிறது; தொழிலை அன்றாடம் ஓட்டக் கையில் வேண்டிய பணம். அதை அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாகப் படித்தாள் என்று சொல்வேன். (ஜிஎஸ்டி கணக்கை இப்போதே காட்டிப் பயமுறுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.)

இதை ஏன் நீட்டி எழுதுகிறேன் என்றால், அரசுப் பள்ளியில் இதற்குச் செலவே கிடையாது. வணிகவியல் பிரிவில் படிக்கும் பிள்ளைகளின் வீட்டைப் பாருங்கள். ஒருவருடைய அப்பா இஸ்திரி வண்டி வைத்திருப்பார், இன்னொருவருடைய அம்மா இட்லிக் கடை போடுவார், வேறொருவர் மாலையில் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவார். ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்காமல் வந்தவர்கள் என்று உறவினர்கள் இளக்காரமாகப் பேசும் பிள்ளைகள் இவர்கள். ஆனால் வியாபாரத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது, அதை நடத்தும் ஆசிரியருக்கே தெரியாமல் இருக்கலாம். ஒரு மாதம் அந்த இட்லிக் கடையின் வரவு செலவை எழுதி வரச் சொல்லுங்கள். அரிசி, உளுந்து, கேஸ், இலை. அம்மா விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்திருப்பதற்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் வரும் என்று வகுப்பில் கேளுங்கள். அந்த வாதம் ஒரு பீரியட்டில் முடியாது.

மத்திய பாடத்திட்டத்தில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். சிபிஎஸ்இ வணிகக் கல்வியில் 20 மதிப்பெண் செயல்திட்டத்துக்கு. பதினோராம் வகுப்பில் கைவினைக் கூடத்துக்கோ மொத்த விலை மார்க்கெட்டுக்கோ போய்ப் பார்த்து எழுதுவதும் அதில் உண்டு. அங்கும் பாதிப் பிள்ளைகள் செயல்திட்டத்தைக் கடையில் பிரிண்ட் எடுத்து, வண்ண அட்டை போட்டுக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இடம் என்று ஒன்று இருக்கிறது. நம்மிடம் இருப்பது அகமதிப்பீட்டுக்கான 10 மதிப்பெண். அதை ஏறக்குறைய எல்லோருக்கும் முழுதாகப் போட்டுவிடுகிறார்கள்.

ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. தேர்ச்சி விகிதத்தை வைத்துக் கேள்வி கேட்கும் இடத்தில் அவர்கள் மார்க்கெட்டுக்கா கூட்டிப் போவார்கள்? ஆனால் இப்போது ஒரு கதவு திறந்திருக்கிறது. 2017-18இல் கொண்டுவந்த +1 பொதுத் தேர்வை 2025-26 முதல் அரசு எடுத்துவிட்டது. +1 வருடம் மூச்சுவிடக் கிடைத்திருக்கிறது. இந்த வருடத்தையும் +2 பாடத்தை முன்கூட்டியே நடத்துவதற்கு எடுத்துக்கொண்டால் எல்லாம் பழைய கதைதான். சில தனியார் பள்ளிகளில் அது தொடங்கியும்விட்டது என்று கடைக்கு வரும் பெற்றோர் சொல்கிறார்கள். +1 வணிகவியலில் வாரத்துக்கு இரண்டு பீரியடை ஒதுக்கி, ஒவ்வொரு மாணவரும் தம் தெருவில் உள்ள ஒரு தொழிலை வருடம் முழுவதும் கவனித்து எழுத வேண்டும் என்று கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

இதைச் செய்கிறோம் என்று சொல்லிப் பள்ளிகளில் "சந்தை தினம்" நடத்துவார்கள், அது வேண்டாம். என் அண்ணன் மகன் பள்ளியில் நடந்தது. அண்ணி ராத்திரி இரண்டு மணி வரை வடை சுட்டார். மகன் பத்து ரூபாய்க்கு விற்றான். வாங்கியவர்கள் எல்லாம் மற்ற அம்மாக்கள். எண்ணெய்க் கணக்கை யாரும் எழுதவில்லை. "அமோக விற்பனை" என்று பள்ளி ஆண்டு மலரில் படம் வந்தது. அதே பையனை ஒரு கோடை முகாமுக்கும் அனுப்பினார்கள். இளம் மேலாளர் பயிற்சியாம், ஐந்து நாள், கை நிறையப் பணம் கட்டி. திரும்பி வந்தபோது கோட்டுப் போட்ட புகைப்படமும் சான்றிதழும் கொண்டுவந்தான். கடையில் உட்கார வைத்தால் இன்றைக்கும் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை கொடுக்க யோசிக்கிறான்.

இன்னொன்று. எங்கள் ஊர் மார்க்கெட் நிலவரம் வாராவாரம் பத்திரிகைகளில் வருகிறது. பாமாயில் டின் எவ்வளவு, துவரம் பருப்பு மூட்டை எவ்வளவு, வற்றல் ஏறியதா இறங்கியதா என்று. ஒரு வருட நிலவரத்தை வெட்டி ஒட்டி வைத்து ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று பேசினால், தேவையும் அளிப்பும் பற்றிய பாடம் பாதி முடிந்துவிடும். என் மகள் பள்ளி இருப்பது மார்க்கெட்டிலிருந்து பத்து நிமிட நடையில். அந்த நிலவரத்தை வகுப்பில் ஒரு நாளும் வாசித்ததில்லையாம்.

வணிகவியல் ஆசிரியர் யாராவது இதைப் படித்தால், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் எங்கள் கடைக்கு விடுமுறை. நான்கு பிள்ளைகளை அனுப்புங்கள். சிட்டை, பேரேடு, கொள்முதல் பில் எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறேன். கடன் நோட்டையும் காட்டுவேன். பெயர்கள் இருக்கும் பக்கத்தை மட்டும் கையால் மறைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
விருதுநகர்.