நாயை மட்டும் குத்தம் சொல்லாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம். நான் மாட்ரிட்ல இருக்கேன். நாய்க்கும் மனுஷனுக்கும் வர்ற லீஷ்மேனியாசிஸ்ங்கற ஒட்டுண்ணி நோய் பத்திப் பேச்சு வந்தாலே ஊர்ல இருந்து போன் பண்ணி நாயை எங்கயாவது விட்டுடுங்கறாங்க, அதான் எழுதறேன். நாயைத் தடவினா ஒட்டிக்கற நோய் இல்லைங்க இது, மணல் ஈ கடிச்சுத்தான் வரும், கொசுவுல மூணுல ஒரு பங்கு சைஸ்தான், சத்தமே போடாது, பொழுது சாஞ்சதும் கிளம்பிடும். ஸ்பெயின்ல இந்தக் கிருமி முக்கியமா தங்கறது நாய்கிட்டதான், இல்லேன்னு சொல்லல. பக்கத்து வீட்டு நாய்க்கு கண்ணைச் சுத்தி முடி கொட்டி நகம் கொக்கி மாதிரி வளந்துச்சு, வயசாயிடுச்சுன்னு நெனச்சோம், ரத்த டெஸ்ட்லதான் தெரிஞ்சது.

ஆனா 2009ல இருந்து இங்க மாட்ரிட்டை ஒட்டியிருக்கற ஃபுயன்லப்ராடா ஊர்ப் பக்கம் நூத்துக்கணக்கான பேருக்கு வந்துச்சே, அதுக்கு காரணம் நாய் இல்ல, பார்க்குல பெருகிக் கெடந்த முயலுங்க! இதே நோயோட இன்னொரு வகையான பீகார் காலா அசார்கூட மனுஷன்கிட்ட இருந்து ஈ வழியா மனுஷனுக்குத்தான் பரவுது.

நாங்க எங்க நாய்க்கு டெல்டாமெத்ரின்ங்கற பூச்சி மருந்து போட்ட காலர் கழுத்துல மாட்டிட்டோம், ராத்திரி உள்ளதான் படுக்கும், ஜன்னலுக்கு சாதா கொசுவலை பத்தாது, கண்ணி பெருசுன்னா மணல் ஈ நுழைஞ்சிடும்னு பொடிக்கண்ணி வலையா மாத்தியாச்சு. நாயை விடறதா இல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மாட்ரிட்