‘தாங்களாகவே’ எழுதிக் கொடுத்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மகளிர் தினச் சிறப்பிதழ் கண்டேன். அட்டை முழுக்க இளஞ்சிவப்பு, உள்ளே கோலம், அழகுக் குறிப்பு. வருடா வருடம் வருவதுதான், பழகிவிட்டது. ஆனால் வங்கித் துறை பற்றிய கட்டுரையில், ‘பெண்கள் தாங்களாகவே பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்’ என்று ஒரு வரி. அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

பொதுத்துறை வங்கியில் எழுத்தர் அதிகாரியானால் ஊர் மாறும், மேலே போகப் போக மாநிலமும் மாறும். தங்களுக்குத் தெரியாததல்ல. ஆணுக்கு மாற்றல் வந்தால் வீட்டை மனைவி பார்த்துக்கொள்வார், அவர் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொள்வார். எனக்கு வந்தபோது மாமியாருக்குப் பக்கவாதம், மகன் பத்தாம் வகுப்பு. ‘தாங்களாகவே’ எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த முறை நேர்காணலுக்குப் போனேன். முதல் கேள்வியே, “வீட்டுக்காரர் சம்மதிப்பாராம்மா?” அன்று வந்திருந்த ஆண்கள் யாரிடமும் மனைவியின் சம்மதத்தைக் கேட்டதாகத் தகவல் இல்லை. அப்புறம், “கடன் பிரிவில் அனுபவம் இல்லையே” என்றார்கள். எப்படி இருக்கும்? “வசூலுக்கு வெளியே அலையணும், உங்களுக்கு எதுக்கு” என்று சேமிப்புக் கணக்குக் கவுன்ட்டரிலேயே உட்கார வைத்தது அதே நிர்வாகம்தானே? அடுப்படி வேலை முடிந்த பிறகு படித்துத் தேறிய சி.ஏ.ஐ.ஐ.பி. என்ற வங்கியியல் தேர்வு பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒருவழியாகக் கிளை மேலாளரானேன். என் அறைக்குள் எட்டிப் பார்த்து, “மேனேஜர் சார் இல்லையா?” என்று என்னிடமே கேட்பார்கள். லீவு என்று சொல்லிவிடலாமா என்று தோன்றும். அந்தக் கிளையில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது, பக்கத்து வீட்டு அக்காவின் தயவுதான். மண்டல அலுவலக ஆய்வுக் கூட்டமோ சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் சூடுபிடிக்கும். யாருக்கு எந்தக் கிளை என்பது அதற்கப்புறம் நடக்கும் சாப்பாட்டில் முடிவாகும். நான் அதற்குள் கடைசி பஸ்ஸில் இருப்பேன்.

2000இல் இந்தியன் வங்கித் தலைமைக்கு வந்த ரஞ்சனா குமாரையும், 2013இல் ஸ்டேட் வங்கித் தலைவரான அருந்ததி பட்டாச்சார்யாவையும் காட்டி, ‘தடை எங்கே?’ என்று கேட்கிறார் கட்டுரையாளர். பெண் ஊழியர்களுக்குக் கணவர் அல்லது பெற்றோர் இருக்கும் ஊரிலோ அருகிலோ இடம் கொடுக்கச் சொல்லி, அடுத்த வருடமே, 2014இல், நிதி அமைச்சகம் பொதுத்துறை வங்கிகளுக்கு எழுதியதே, தடை இல்லாமலா எழுதினார்கள்? மகளிருக்கென்று 2013இல் தொடங்கிய பாரதிய மகிளா வங்கி 2017இல் ஸ்டேட் வங்கியோடு இணைக்கப்பட்டு இல்லாமலே போனதும் அவர் காதுக்கு எட்டவில்லை போலிருக்கிறது.

சரி, இதற்கெல்லாம் தாங்கள் என்ன செய்ய முடியும். ஒன்று மட்டும் கேட்கிறேன். அதே கட்டுரையின் படத்தில் ஆண் அதிகாரிகள் அத்தனை பேருக்கும் பதவியோடு பெயர் போட்டிருக்கிறீர்கள். கூட நிற்கும் மூவர் ‘மற்றும் பெண் ஊழியர்கள்’. அவர்களில் ஒருவர் முதன்மை மேலாளர், எனக்குத் தெரிந்தவர். அடுத்த இதழில் மூவரின் பெயரையும் வெளியிட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வங்கி மேலாளர் (ஓய்வு),
பாளையங்கோட்டை.